பெயரில் மட்டும் ஆசிட்



வேலையில் சேர்ந்த புதிதில், துருப்பிடித்த குழாயில் டானிக் ஆசிட் கரைசலைப் பூசச் சொன்னார்கள். ‘ஆசிட்தானே, துருவைத் தின்னுடும்’ என்று நினைத்தேன். துரு போகவில்லை; கறுத்தது. ‘கெடுத்துட்டோமே’ என்று பயந்து, ராத்திரியோடு ராத்திரியாகச் சுரண்டினேன். காலையில் ஃபோர்மேன் தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கறுப்புதான் குழாய்க்குக் காப்பாம்!

கடுக்காய், ஆவாரம்பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் டானின். மாசிக்காயில் கிடைக்கும் டானிக் அமிலம் அதில் ஒரு வகை. பெயர்தான் அமிலம், கார்பாக்சில் தொகுதி கிடையாது. ஃபீனால் தொகுதிகளால் லேசான அமிலத்தன்மை, அவ்வளவே. துருவிலுள்ள இரும்போடு சேர்ந்து நீலக்கறுப்பு டானேட் ஆகும். கடுக்காய்த்தூள் இரும்புச் சட்டியில் கறுப்பதும் இதனால்தான். பாட்டிக்குத் தெரிந்தது, பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

பெயரைப் பார்த்து முடிவுகட்டாதீங்க. என்ன வேலை செய்யும்னு கேளுங்க.