தொண்டை வலி என்று நினைத்தேன்



ஹாஸ்டல் கதைகளை மற்றவர்கள் பேசுவார்கள். நான் ஒரு நோய்க் கதை சொல்கிறேன்.

2021 ஜூனில் கொரோனா விட்டு, முடிச்சூர் வீட்டில் ஓய்வில் இருந்தேன். மூன்றாவது வாரம் கழுத்தின் முன்பக்கம் வலி. எச்சில் விழுங்கினால் காது வரை இழுக்கும். படபடப்பு, கை நடுக்கம். தொண்டைப் புண் என்று ஒருவர் ஆன்டிபயாடிக் கொடுத்தார். இன்னொருவர் டி.எஸ்.எச். குறைந்திருப்பதைப் பார்த்து, தைராய்டு அதிகம் என்று அதை அடக்கும் மாத்திரை எழுதினார். இரண்டும் கேட்கவில்லை.

மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மா கழுத்தைத் தொட்டதும் துள்ளிவிட்டேன். ஈ.எஸ்.ஆர். எடுக்கச் சொன்னார், எகிறியிருந்தது. முதல் வேலையாக அந்த மாத்திரையை நிறுத்தினார். "சுரப்பி அதிகமா சுரக்கலைங்க. புண்ணாகி, உள்ளே சேர்த்து வச்சிருந்தது ஒழுகுது. மேல்தொட்டி விரிசல் விட்டா, மோட்டாரை நிறுத்தி என்ன பிரயோஜனம்?" என்றார். வீட்டுக்கு வீடு போர் மோட்டார் ஓடும் ஊர்க்காரனுக்கு வேறு விளக்கம் வேண்டுமா!

வைரஸ் காய்ச்சலை அடுத்து வரும் இந்த அழற்சியை 1904-லேயே விவரித்தவர் டி கெர்வெய்ன் என்ற சுவிஸ் அறுவை மருத்துவர். கொரோனாவை ஒட்டி வந்ததை 2020-இல் இத்தாலியின் பீசா நகர மருத்துவர்கள் எழுதினார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருவதால், வீட்டில் சொல்லி வையுங்கள்.

ஸ்டீராய்டு ஆரம்பித்த இரண்டாம் நாளே வலி போயிற்று. பிறகு சுரப்பி மந்தமாகி, சில மாதம் எந்நேரமும் தூக்கம்தான். சிலருக்கு அந்த மந்தம் நிலைத்து, ஆயுளுக்கும் மாத்திரை தேவைப்படும். அதனால் ஒரு வருஷம் விடாமல் ரத்தம் பார்த்தேன். கடைசி ரிப்போர்ட் நார்மல்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.