ஊசிக்கு முன்னால் மாத்திரையைக் கொடு!

உத்தனப்பள்ளிப் பெரியோர்களே, தாய்மார்களே, ஷிப்ட் முடிந்து நேரே வந்து நிற்கும் தம்பிமார்களே!

நம் வீட்டில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் ஆம்புலன்ஸ் எங்கே போகிறது? ஓசூரைத் தாண்டி, அத்திப்பள்ளியைத் தாண்டி, பெங்களூருக்கு. ஐசியூ வாசலில் மகன் நிற்கிறான், கையில் பில். இனிப் பிழைக்க மாட்டார் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனாலும் வென்டிலேட்டர் ஓடுகிறது. எடுங்கள் என்று சொல்ல மகனுக்கு வாய் வரவில்லை. எடுத்தால் கேஸ் வருமோ என்று மருத்துவமனைக்குப் பயம்.

அந்தப் பயத்தை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்றே போக்கிவிட்டது. மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் கருவியை நிறுத்தலாம். கண்ணியமாகச் சாவதும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமை என்றது. நினைவோடு இருக்கும்போதே நம் விருப்பத்தை எழுதி வைக்கலாம். இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும் என்று 2023இல் எளிதாக்கினார்கள். நோயாளியின் நிலையை இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டும். இதை நடைமுறைப்படுத்தக் கர்நாடக அரசு 2025 ஜனவரியில் சுற்றறிக்கையே அனுப்பியது.

விஷ ஊசி போட்டு உயிரை எடுப்பது வேறு. அதைச் சட்டம் அனுமதிக்கவில்லை, அனுமதிக்கவும் கூடாது!

ஊசிக்கும் சட்டம் வேண்டும், நெதர்லாந்தைப் பாருங்கள் என்கிறார்கள் நண்பர்கள். நான் விருதுநகர்ப் பக்கம் பார்க்கச் சொல்கிறேன். விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்து, குளிரக் குளிர நீரூற்றி, இளநீரை மேலும் மேலும் புகட்டிக் கிழவியை அனுப்பி வைத்தார்களே, தலைக்கூத்தல், அதையும் கருணை என்றுதானே சொன்னார்கள்? அவளைக் கேட்டா செய்தார்கள்? கேட்டிருந்தால் சரியென்றுதான் சொல்லியிருப்பாள். மருமகள் போடும் சோற்றை நம்பிக் கிடக்கிறவள் வேறென்ன சொல்வாள்? அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள ஒரு சட்டமா?

புற்றுநோய் வலியில் இராத்திரியெல்லாம் கத்துகிறவர் "என்னைக் கொன்றுவிடு" என்கிறார். அவருக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்தோமா? கொடுக்காமல் சாவைப் பற்றி அவரிடம் பேச நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? வீடு தேடி வரும் அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வலி தணிக்கும் சிகிச்சையும் அதில் உண்டு.

நாளைக் காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். உங்கள் தெருவில் படுத்திருப்பவரின் பெயரைச் சொல்லி, நர்சம்மா எந்தக் கிழமை வருவார் என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்து வராதீர்கள்!