திரைக்கு அப்பால் ஒரு குரல்: அவ்வை தி. க. சண்முகம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் நாடக நடிகர் ஒருவரின் தகுதியை முதலில் தீர்மானித்தது அவருடைய தொண்டையே. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், சோபாவில் சாய்ந்திருந்த ஊர்ப் பெரியவருக்கும் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரருக்கும் ஒரே அளவில் பாட்டும் வசனமும் கேட்டாக வேண்டும் என்பதால், ஐந்து கட்டைச் சுருதியில் பாடுவோர் பெருமதிப்புப் பெற்றனர். கட்டை என்பது ஆர்மோனியத்தில் பாடகர் தமக்கென அமைத்துக்கொள்ளும் சுருதியின் அளவு. எண் கூடக் கூடக் குரல் மேலேறும். இந்தச் சூழலில் சிறுவனாக மேடையேறி, பிற்காலத்தில் வானொலியிலும் தம் குழுவின் நாடகங்களைக் கேட்கச் செய்தவர் தி. க. சண்முகம். டி.கே.எஸ். சகோதரர்கள் எனப் புகழ்பெற்ற சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகிய நால்வரில் மூன்றாமவரான இவர் 1912-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் நடிகரே, அதிலும் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், போட்டவர்.

1918-இல், ஆறு வயதில், சண்முகம் தம் அண்ணன்மாருடன் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தார். அதன் ஆசிரியர், பின்னாளில் தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் எனப் போற்றப்பட்ட சங்கரதாஸ் சுவாமிகள். பாலர் சபை அல்லது பாய்ஸ் கம்பெனி என்பது, சிறுவர்களை ஒரே வீட்டில் தங்க வைத்து, உணவும் உடையும் கொடுத்து, பாட்டும் வசனமும் நாள்தோறும் மனப்பாடம் செய்வித்து, ஊர் ஊராக அழைத்துச் சென்று நாடகம் போட்ட தொழில்முறைக் குழுவாகும். வயதுவந்த பெருநடிகர்கள் சபைக்குக் கட்டுப்படாமல் மேடையிலேயே ஒருவரையொருவர் மடக்கிப் பேசித் தர்க்கம் செய்த ஸ்பெஷல் நாடக வழக்கத்தில் கதை சிதைந்துபோனதால், எழுதிய வசனத்தை எழுதியபடி பேசும் பிள்ளைகளை நம்புவதே மேல் என்ற எண்ணம் இத்தகைய சபைகளை வளர்த்தது. சண்முகத்திற்காகவே சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதிக் கொடுத்தார் என்பது நாடக வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி.

இந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவாக ஓர் அச்சம் இருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதில் தொண்டை உடைந்து, பாடும் குரல் கரகரத்துப் போவதை நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்பார்கள். நேற்றுவரை ராஜபார்ட்டாக, அதாவது கதாநாயகனாக, நின்ற பையன் மகரக்கட்டு வந்ததும் சில்லறை வேடத்துக்கோ திரைக்குப் பின்னாலோ தள்ளப்பட்டான். பலர் அத்தோடு தொழிலை விட்டே போனார்கள். குரலை மட்டும் நம்பிய கலை, அந்தக் குரல் மாறும்போது கலைஞனைக் கைவிட்டது என்பதே பாலர் சபைகளின் பெரிய குறை. அதைக் கடந்து நின்ற சிலரே பிற்காலத்தில் பாட்டைக் குறைத்துப் பேச்சை வளர்த்தனர். சண்முகம் அவர்களில் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர்.

1922-இல் சுவாமிகள் மறைந்தபின், 1925-இல் சகோதரர்கள் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார்கள். என். எஸ். கிருஷ்ணன், எஸ். வி. சகஸ்ரநாமம், கே. ஆர். ராமசாமி போன்ற நடிகர்கள் அங்கே வளர்ந்தனர். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மேனகா நாவல் அங்கே நாடகமாகி, 1935-இல் திரைப்படமும் ஆயிற்று.

இத்தகைய குழுக்களின் காலத்தில் தமிழ் நாடகத்துக்குச் சென்னை மாகாணத்துக்கு வெளியிலும் ரசிகர்கள் இருந்தார்கள். பெங்களூரில் 1809 முதல் வளர்ந்த ஆங்கிலேயப் படைமுகாமை ஊரார் தண்டு என்றனர். முன்பு பிளாக்பள்ளி எனப்பட்ட இன்றைய சிவாஜிநகர் அதன் கடைவீதிப் பகுதி. படைக்குப் பண்டம் தருவதற்கும் கட்டடம் கட்டுவதற்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிலைத்தன. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் பாதை தண்டு வரை வந்தபின் போக்குவரத்து எளிதாயிற்று. மூட்டை மூட்டையாகப் படுதாக்களும் வேட உடைகளும் சுமந்து திரிந்த குழுக்களுக்கு இரயில்தான் உயிர்நாடி. சிவாஜிநகரில் நீண்டகாலம் படக்கொட்டகையாக விளங்கிய எல்ஜின் டாக்கீஸ்கூட முதலில் நாடகத்துக்கென எழுந்த அரங்கமே.

வானொலி இந்த ரசிகர்களைத் தேடி வேறு வழியில் வந்தது. 1935-இல் மைசூரில் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் வீட்டிலேயே ஆகாசவாணி என்ற பெயரில் ஒலிபரப்பைத் தொடங்கினார். அது 1955-இல்தான் பெங்களூருக்கு இடம் மாறியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனிலும் திருச்சி நிலையம் 1939 மே மாதத்திலும் தொடங்கின. மத்திய அலை இரவில் நெடுந்தொலைவு செல்லும் இயல்புடையது என்பதால், தண்டுத் தமிழர் இருட்டிய பிறகு பெட்டியின் குமிழைத் திருகித் திருகி, இரைச்சலுக்கு நடுவே தமிழ் நிகழ்ச்சிகளைப் பிடித்துக் கேட்க முடிந்தது.

வானொலி நாடகம் மேடை நடிகரிடம் கேட்டது நேர்மாறான பயிற்சியை. இரவு முழுவதும் நடந்த நாடகம் அரைமணி, ஒருமணி அளவுக்குச் சுருங்கியது. ஒலிப்பதிவு வசதி பரவாத அந்நாளில் ஒலிபரப்பு நேரடியாகவே நிகழ்ந்ததால் தடுமாறினால் திருத்த வழியில்லை. கடைசி வரிசைக்கு எட்டும்படி முழங்கப் பழகியவர்கள் ஒரு சாண் தொலைவில் இருந்த ஒலிவாங்கியிடம் காதோடு பேசுவதுபோலப் பேச வேண்டியிருந்தது. கையிலிருக்கும் தாள் சரசரத்தால் அரண்மனைக் காட்சி கெட்டுவிடும். குதிரை ஓடுவதற்குக் கொட்டாங்கச்சி இரண்டு போதும். கத்திப் பேசிக் கைதட்டல் வாங்கியவர்கள் பலர் இங்கே தோற்றார்கள் என்பதில் வியப்பில்லை.

இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் நாடகம் பில்கணன். இலங்கையில் பிறந்து திருச்சியில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ. எஸ். ஏ. சாமி எழுதிய இது, திருச்சி வானொலியில் எம். கே. தியாகராஜ பாகவதர் கதாநாயகனாகப் பேசிப் பாட, பெரும் வரவேற்பைப் பெற்றது. பாரதிதாசனின் புரட்சிக் கவிக்கும் மூலமான பழைய கதையே இதற்கும் அடிப்படை. அரசன் தன் மகள் யாமினிக்குக் கவிதை கற்பிக்கப் பில்கணனை அமர்த்துகிறான். இருவரும் நெருங்கிவிடலாகாது என்று நடுவில் திரை கட்டி, ஆசிரியர் குருடர் என்று மகளிடமும், மாணவி தொழுநோயாளி என்று கவிஞனிடமும் பொய் சொல்லி வைக்கிறான். நாள்தோறும் ஒருவர் குரலை மற்றவர் கேட்கிறார்களேயன்றி முகம் பார்த்ததில்லை. ஒருநாள் முழுநிலவைக் கண்டு கவிஞன் வியந்து பாட, குருடன் எப்படி நிலவைக் கண்டான் என்று ஐயுற்று அவள் திரையை விலக்குகிறாள். வானொலிக்கு இதைவிடப் பொருத்தமான கதையைத் தேடிப் பிடிப்பது கடினம்: யாமினி திரைக்கு இப்பால் இருந்ததுபோலவே நேயரும் இருக்கிறார், அவளுக்குத் தெரிந்த அளவே அவருக்கும் தெரியும். மேடையில் பார்ப்பவர் திரையின் இருபுறத்தையும் ஒருசேரக் கண்டுவிடுவதால் அந்த மயக்கம் பாதியாகிவிடும்.

அப்படியிருந்தும் டி.கே.எஸ். சகோதரர்கள் இந்நாடகத்தைத் துணிந்து மேடைக்குக் கொண்டுவந்தனர். 1948-இல் வெளிவந்த திரைப்படத்தில் சண்முகமே பில்கணனாக நடித்தார். மேடையிலிருந்து வானொலிக்கு நாடகங்கள் சென்றுகொண்டிருந்த நாளில், வானொலியிலிருந்து ஒரு நாடகம் மேடைக்கும் திரைக்கும் வந்தது தமிழில் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி.

1942-இல் ஔவையார் நாடகத்தில் முப்பது வயது ஆடவராக இருந்துகொண்டு கிழவி வேடம் ஏற்றதால் சண்முகத்துக்கு அவ்வை என்ற அடைமொழி நிலைத்தது. கமல்ஹாசன் சிறுவயதில் பயிற்சி பெற்றது இவருடைய குழுவில்தான். 1996-இல் வந்த அவ்வை சண்முகி படத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும். அரு. ராமநாதனின் இராஜராஜ சோழன் 1955-இல் இக்குழுவால் மேடையேறிப் புகழ் பெற்றது. சண்முகம் 1973 பிப்ரவரி 15 அன்று மறைந்தார். இராஜராஜ சோழன் நாடகத்தின் திரைவடிவம் அடுத்த மாத இறுதியில்தான் வெளியாயிற்று.

நடிப்பைப் பற்றி எழுதிவைத்த தமிழ் நடிகர்கள் மிகச் சிலரே. சண்முகம் எழுதிய எனது நாடக வாழ்க்கை, நாடகக் கலை ஆகிய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டு இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. பாலர் சபைகளின் உள்வாழ்க்கையை அறிய விரும்புவோர் முதலில் எடுக்க வேண்டியது எனது நாடக வாழ்க்கை.