அன்புக்குச் சான்று கேட்ட மன்றம்



கவிஞர் கூடிய அவையில் இங்கிலாந்து நாட்டுப் பாரிஸ்டர் தொழிலைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். சொல்லை நிறுத்துப் பார்த்து வயிறு வளர்ப்போருள் அவர்களும் ஓர் இனத்தார் என்பதே விடை. அவருள்ளும், காவல்துறை மீதான வழக்குகளையும் உடற்காய இழப்பீட்டு வழக்குகளையும் தம் துறையாகக் கொண்டவர், ‘அருகில்’, ‘உடனே’, ‘அன்பு’ போன்ற எளிய சொற்களின் பொருளுக்காகவே வாழ்நாளைச் செலவிடுகிறார்.

அந்நாட்டில் வழக்குத் தொழில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கட்சிக்காரரைக் கண்டு, ஆவணம் திரட்டி, வழக்கை உருவாக்குபவர் சொலிசிட்டர். மன்றத்தில் எழுந்து வாதிடுபவர் பெரும்பாலும் பாரிஸ்டர். லண்டனிலுள்ள நான்கு பழஞ்சங்கங்களுள் ஒன்றில் உறுப்பினராகி, தேர்வில் வென்று, மூத்தவர் ஒருவரிடம் ஓராண்டு தொழில் பயின்ற பிறகே அவர் முழு உரிமையோடு தொழில் நடத்தலாம். காந்தியடிகள் 1891இல் பாரிஸ்டரானது அச்சங்கங்களுள் ஒன்றாகிய இன்னர் டெம்பிளில்.

காவல்துறை வழக்கும் காய வழக்கும் ஒருவரிடமே சேர்வது ஏன்? சாரத்திலிருந்து செங்கல் விழுந்து ஒரு தொழிலாளியின் தோள் முறிகிறது. கைதின்போது காவலரின் தடிபட்டு இன்னொருவரின் முழங்கை முறிகிறது. எக்ஸ்ரே படத்துக்கு இரண்டும் எலும்பு முறிவுதான். சட்டத்திலும் இரண்டும் ஒரே கிளையைச் சேர்ந்தவை. தடியின் வழக்கில், அவ்வளவு பலம் தேவைதானா என்ற கேள்வி கூடுதலாகச் சேரும். வழக்கு வழக்கமாகத் தடி பிடித்தவர் மீது தொடுக்கப்படுவதில்லை. அப்பகுதியின் சீஃப் கான்ஸ்டபிள் மீதே தொடுக்கப்படுகிறது. அவர் அன்று ஊரிலேயே இல்லாதிருக்கலாம். கீழுள்ளோர் தவற்றுக்கு அவரைப் பொறுப்பாளியாக்கியது 1964ஆம் ஆண்டுக் காவல்துறைச் சட்டம். 1996ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே தொடர்ந்தது.

காயத்துக்கு விலை எழுதிய கையேடும் உண்டு. 1992இல் முதன்முதலாக வெளிவந்த அதில் விரலுக்கு இவ்வளவு, கண்ணுக்கு இவ்வளவு என வரம்புகளைக் காணலாம். ஒருவரை முறைகேடாகக் காவலில் அடைத்தால் முதல் ஒரு மணி நேரத்துக்கு 500 பவுண்டு, முழு நாளுக்கு 3,000 பவுண்டு என்ற அளவை 1997இல் மேல்முறையீட்டு மன்றம் வழிகாட்டியாகத் தந்தது. கவிஞர்க்கு இது கசாப்புக் கடைக் கணக்காகத் தோன்றும். ஆயினும் கணக்கே இல்லாவிடில் செல்வர் விரலுக்கு ஒரு விலையும் ஏழை விரலுக்கு ஒரு விலையும் ஆகிவிடும் என்பதை எண்ண வேண்டும்.

வாடகை வண்டி நிறுத்தத்தில் முன்னிற்கும் வண்டி, முதலில் வரும் பயணியை ஏற்றியாக வேண்டும். அதுபோலத் தம் துறைக்குள் வரும் வழக்கைப் பாரிஸ்டர் மறுக்கலாகாது என்பது விதி. இன்று காயம்பட்டவருக்காகப் பேசியவர் நாளை காவல்துறைக்காகப் பேச நேரலாம். (நடைமுறையில் பலர் ஒரு பக்கமே நிலைத்துவிடுவது வேறு செய்தி.)

இத்தொழிலின் நுட்பமும் கொடுமையும் ஒருங்கே வெளிப்பட்டது ஹில்ஸ்பரோ வழக்கில். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் அந்த அரங்கில் லிவர்பூல், நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணிகள் கால்பந்து அரையிறுதி ஆடின. வெளியே நெரிசல் மிகுந்ததால் காவல்துறை ஒரு பெருங்கதவைத் திறக்கச் செய்தது. உள்ளே பாய்ந்த கூட்டம், ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுக்கூண்டுகளுக்குச் செல்லும் சுரங்கவழியில் புகுந்தது. அவ்வழியை அடைக்க எவரும் ஆணையிடவில்லை. ஆட்டம் ஆறே நிமிடத்தில் நின்றது. மாண்டோர் 97 பேர். அவருள் கடைசியானவர் அன்று பட்ட காயத்தோடு 32 ஆண்டுகள் கிடந்து 2021இல் இறந்தார்.

இறந்தோரையும் காயமுற்றோரையும் பொறுத்தவரை, தன் தரப்பின் கவனக்குறைவை தெற்கு யார்க்சயர் காவல்துறை மறுக்கவில்லை. அரங்கிலோ தொலைக்காட்சியிலோ அதைக் கண்டு மனம் சிதைந்து நோயுற்ற உறவினர்க்கும் அது கடன்பட்டதா என்பதே ‘ஆல்காக்’ வழக்கு. 16 பேரின் கோரிக்கைகளுள் பத்தினை முதல் நீதிபதி ஏற்றார். மேல்முறையீட்டு மன்றம் ஒன்றையும் ஏற்கவில்லை. தன்முன் வந்த பத்துப் பேரையும் 1991 நவம்பர் 28 அன்று பிரபுக்கள் சபை வெறுங்கையோடு அனுப்பியது.

மூன்று கதவுகளை அத்தீர்ப்பு வைத்தது. இறந்தவரோடு நெருங்கிய அன்புப் பிணைப்பு இருந்திருக்க வேண்டும். நிகழ்ச்சிக்கோ அதன் உடனடி விளைவுக்கோ இடத்தாலும் காலத்தாலும் அருகில் இருந்திருக்க வேண்டும். தம் புலனால் நேரே உணர்ந்திருக்க வேண்டும். பெற்றோர், கணவன் மனைவி, மணம் பேசப்பட்டவர் ஆகியோரிடம் அன்பு உண்டென்று சட்டமே கொள்ளும். உடன்பிறந்தார் அதை நிறுவிக் காட்ட வேண்டும். அரங்கில் இருந்தபடியே இரு சகோதரரை இழந்த ஒருவர், அந்த அன்புக்குச் சான்று இல்லை என்று தோற்றார். மகனை இழந்த பெற்றோரிடம் எவரும் அன்புக்குச் சான்று கேட்கவில்லை. அவர்கள் கண்டது தொலைக்காட்சியில், ஆகவே தோற்றனர். மைத்துனரைத் தேடியலைந்து நள்ளிரவில் பிணவறையில் அடையாளம் காட்டியவருக்கு, அந்த நேரம் ‘உடனடி’ ஆகவில்லை.

அந்தச் சட்டநிலை முழு நிறைவு தருவதாகவோ தருக்கத்துக்கு நிற்பதாகவோ தமக்குத் தோன்றவில்லை என்று தீர்ப்பளித்தோருள் ஒருவரான ஆலிவர் பிரபுவே எழுதினார். எங்காவது கோடு கிழிக்காவிடில் வழக்கு வெள்ளமாகும் என்ற அச்சம் கோட்டைக் கிழித்தது.

அதற்குப் பிறகு இத்துறைப் பாரிஸ்டரின் பணி என்னவாயிற்று என்று பாருங்கள். ஒரு பக்கத்தில் நிற்பவர், அண்ணன் தம்பியைப் பார்த்து, கடிதம் உண்டா, ஒன்றாக எடுத்த படம் உண்டா என்று கேட்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் நிற்பவர், கடைசியாக எப்போது பேசினீர்கள், இடையில் பிணக்கு உண்டா என்று குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். இருவரும் கல்நெஞ்சர் அல்லர். தீர்ப்பிலுள்ள ஒரு சொல் இருவரையும் அவ்விடத்தில் நிறுத்தியிருக்கிறது. கையறுநிலை பாடிய நம் புலவரிடம் எவரும் இத்தகைய சான்று கேட்டதில்லை. கண்ணகியை அம்மன்றத்தில் நிறுத்தினால் மனைவி என்பதால் முதற்கதவு திறக்கும். கொலைக்களத்தில் அவள் இல்லை. செய்தியைப் பிறர்வாய்க் கேட்டாள். உடலைப் பின்னரே கண்டாள். மற்றக் கதவுகள் திறந்திருக்குமா என்பது ஐயமே.

உயிரிழப்புக்கான துயர்த்தொகையும் அவ்வாறே. 1989இல் அது 3,500 பவுண்டு. வாழ்க்கைத்துணைக்கும், மணமாகாத 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை இழந்த பெற்றோர்க்கும் மட்டுமே உரியது. பத்தொன்பது வயது மகளை இழந்தவருக்கு அதுவும் இல்லை. 2020இல் தொகை 15,120 பவுண்டாக உயர்ந்தது. உடன்பிறந்தார் அப்போதும் பட்டியலில் இல்லை. அன்று மீட்புப்பணியில் மனம் நொந்த காவலர்களும் வழக்காடி, 1998இல் பிரபுக்கள் சபையில் தோற்றனர். உறவினர்க்கு இல்லாதது காவலர்க்குக் கிடைத்தால் உலகம் அதை நீதியென்று ஏற்குமா என்ற எண்ணம் அத்தீர்ப்பில் வெளிப்படையாகவே இருந்தது.

சொல் இன்னொரு விதத்திலும் அங்கே திருத்தப்பட்டது. காவலர் தந்த 164 வாக்குமூலங்கள் கணிசமாக மாற்றப்பட்டன; அவற்றுள் 116இல் காவல்துறைக்குப் பாதகமான பகுதிகள் நீக்கப்பட்டன. இதை 2012இல் தனிக்குழு வெளியிட்டது. பழைய ‘விபத்து மரணம்’ என்ற முடிவு அவ்வாண்டே தள்ளுபடியாகி, 2016 ஏப்ரல் 26 அன்று புதிய விசாரணையின் ஜூரர்கள் ‘சட்டவிரோதக் கொலை’ என்று பெரும்பான்மையால் உரைத்தனர். திருத்தம் தொடர்பான குற்ற வழக்கு 2021இல் விழுந்தது. வாக்குமூலங்கள் சென்றது பொது விசாரணைக்கு, அது நீதிமன்றமன்று என்றார் நீதிபதி. அங்கும் ஒரு சொல்லின் எல்லைதான்.

2024 ஜனவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை மீண்டும் ஆராய்ந்தது. அதிர்ச்சி திடீரென வந்திருக்க வேண்டும், காட்சி கோரமாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் தேவையில்லை என்றது. அன்பு, அருகிருத்தல், நேரே காணல் ஆகிய மூன்றையும் அது கைவிடவில்லை. தம்பியை இழந்தவருக்காக எழும் பாரிஸ்டர், வீட்டுப் பெட்டியிலிருந்து பழைய கடிதங்களைக் கொண்டுவரும்படி இன்னும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.