பனிக்கு அடியில் ஒரு பெருங்கூட்டம்

கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் நார்சிஸ் என்று ஓர் ஊர். குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரி வரைகூட இறங்கிவிடும். உடம்பில் சொந்தச் சூடு இல்லாத பாம்பு அந்தக் குளிரில் எப்படிப் பிழைக்கும்?

அங்கே தரைக்கடியில் சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் அரித்து அரித்து, அதில் பள்ளங்களும் வெடிப்புகளும் விழுந்திருக்கின்றன. மண் எவ்வளவு ஆழம் உறைகிறதோ, அதற்கும் கீழே போகிற வெடிப்புகள். குளிர் தொடங்குமுன் கார்ட்டர் பாம்புகள் பல கிலோமீட்டர் ஊர்ந்து வந்து உள்ளே இறங்கிவிடும். ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்துக் கிடக்கும். மாதக்கணக்கில் இரை கிடையாது. இதயத் துடிப்பு அடங்கி, மூச்சு மெலிந்து, உயிர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஏப்ரல் கடைசியில் வெயில் உறைத்ததும் ஆண் பாம்புகள்தான் முதலில் மேலே வரும். வந்தவை போய்விடாது, பொந்து வாயிலேயே காத்துக் கிடக்கும். பெண் பாம்பு ஒன்று தலை நீட்டியதுதான் தாமதம், பத்து இருபது ஆண்கள் சுற்றிப் பின்னி, சிக்கல் விழுந்த நூல்கண்டு மாதிரி உருளும். கறுத்த உடம்பில் மஞ்சள் கோடு, பக்கத்தில் சிவப்பு. மனிதருக்குத் தீங்கு செய்யாத பாம்புகள். காது கொடுத்துக் கேட்டால் சருகுகளில் சரசரவென்ற சத்தம்.

கோடையில் அவை சதுப்பு நிலங்களுக்குத் தவளை தேடிப் போக வேண்டும். குறுக்கே 17ஆம் எண் நெடுஞ்சாலை. வண்டிச் சக்கரங்களில் ஆயிரமாயிரமாக நசுங்கின. நினைத்தாலே நெஞ்சு பதைக்கிறது. பிறகு சாலையோரம் வேலி அமைத்து, சாலைக்கடியில் சிறு சுரங்கங்கள் போட்டுக் கொடுத்தார்கள். வேலியை ஒட்டியே ஊர்ந்து, அந்தச் சுரங்கத்தில் நுழைந்து, மறுபக்கம் போய்ச் சேர்கின்றன அவை.