கறை வேறு, அழுக்கு வேறு

சப்பிரகமுவ மாகாணத்தின் தென்பகுதியிலுள்ள எம்பிலிப்பிட்டியவில் நெல்லும் வாழையும் விளைகின்றன. வடக்கே இரத்தினபுரி மலைகளில் தேயிலையும் இறப்பரும் செழிக்கின்றன. வயலாயினும் மலையாயினும் உழைக்கும் கையே, உணவு வேளையில் சோற்றைப் பிசைகிறது, ரொட்டியைப் பிய்க்கிறது.

கொழுந்து பறிக்கும் விரல்களில் கறை படியும். எத்தனை முறை கழுவினாலும் அது எளிதிற் போகாது. ஆனால், நோய் தருவது அந்தக் கறையன்று; கண்ணுக்குப் புலப்படாத கிருமியே. மலசலகூடத்திலிருந்து கையில் ஒட்டிவரும் கிருமி, உணவோடு உட்சென்று வயிற்றோட்டத்தை உண்டாக்குகிறது. தாயின் கைவழியே பிள்ளைக்காம்பராவிலுள்ள குழந்தையையும் அது பற்றுகிறது. ஆகவே, கறை படிந்த கையும் கழுவியதாயின் தூயதே. வெளுத்த கையும் கழுவாததாயின் தூயதன்று.

படித்தவர் கைக்கும் இது பொருந்தும். வியன்னா மருத்துவமனையில், பிணங்களை அறுத்து ஆராய்ந்த மருத்துவர்களே பிரசவமும் பார்த்தனர். 1847 ஏப்ரலில் அங்கே தாய்மாருள் நூற்றுக்குப் 18 பேர் மாண்டனர். குளோரின் கலந்த நீரில் கைகழுவியே உள்ளே வரவேண்டுமென மே மாதத்தில் விதித்தார் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர். ஜூனில் அத்தொகை ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. அவர் அறிவுரை மட்டும் கூறவில்லை. கழுவுவதற்கு வேண்டியதையும் கொடுத்தார்.

தோட்டத்துக்கும் அதுவே வழி. பீலி லயத்தருகே இருந்தால் மலையில் நிற்பவருக்குப் பயனென்ன? வேலைத்தலத்திலேயே நல்ல நீரும் சவர்க்காரமும் வைப்பது நிர்வாகத்தின் கடமை. உண்ணுமுன்னும், மலசலகூடம் சென்றபின்னும், பிள்ளையைத் தூக்குமுன்னும் 20 விநாடி தேய்த்துக் கழுவுவது உழைப்பவர் கடமை. இரண்டும் கூடினாலன்றி நோய் விலகாது.