கணக்கு மாறினாலும் பணம் வழி தவறாது

வீடு மாறும்போது தபால்காரரிடம் புது முகவரியைச் சொல்லிவிட்டு வருவோம். கடிதம் தேடி வந்துவிடும். வங்கி மாறினால் பணத்துக்கு யார் வழி சொல்வது?

பிரிட்டனில் அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. அங்கே சம்பளம் வருவதும், வாடகையும் மின்கட்டணமும் போவதும் நடப்புக் கணக்கு வழியாகத்தான். வங்கி மாறினால் ஏதாவது ஒரு தவணை தவறிவிடுமோ என்று பயந்தே பலர் பிடிக்காத வங்கியிலும் இருந்தார்கள். வங்கித் துறையை ஆராய்ந்த, ஜான் விக்கர்ஸ் தலைமையிலான குழு 2011-ல் இதற்கு வழி சொன்னது. 2013 செப்டம்பரில் கணக்கு மாற்றுச் சேவை தொடங்கியது.

புதிய வங்கியிடம் சொன்னால் போதும். 7 வேலை நாட்களில் இருப்புத் தொகை, தவணைகள் எல்லாம் இடம் மாறிவிடும். பழைய கணக்கையும் அவர்களே மூடிவிடுவார்கள். பழைய எண்ணுக்கு வரும் பணம் 3 ஆண்டுகளுக்குப் புதிய கணக்குக்கே வந்து சேரும். மாற்றத்தில் தவறு நேர்ந்து அபராதம் விழுந்தால், அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கணக்கு மூடப்படுவதற்கு முன் பழைய வரவு செலவு விவரங்களை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வாடிக்கையாளர் எளிதாக விலக முடியும் என்றால்தான் வங்கியும் அவரை மதித்து நடத்தும். அந்தச் சுதந்திரம் எல்லோருக்கும் வேண்டும்.